நகரத்துக்குப் பக்கத்தில் கேம்பிங்: டென்டுக்கும் குடும்பத்துக்கும் ஆர்.வி.க்கும் சரியான இடத்தைப் பிடிப்பது எப்படி?

முதல் தடவை நான் பதிவு செய்த கேம்ப்கிரவுண்ட் படத்தில் அவ்வளவு அழகாக இருந்தது. ஏரி, உயர்ந்த மரங்கள், கழுவிவிட்டது போலப் புல்தரை. படம் சொன்ன எதுவும் பொய்யில்லை. எங்களுக்குக் கிடைத்த இடம் மட்டும் உள்சாலை வளைகிற முனையில் இருந்தது. இருட்டிய பிறகு வந்து சேர்ந்த ஒவ்வொரு காரும் அந்த வளைவில் திரும்பும்போது, அதன் முகப்பு வெளிச்சம் டென்டின் ஒரு மூலையில் ஏறி, துணி முழுவதையும் தடவிக்கொண்டு மறுமூலையில் இறங்கும். மகள் எழுந்து உட்கார்ந்து, “அப்பா, யாரோ வர்றாங்க” என்பாள். படுக்கச் சொல்வேன். பத்து நிமிடத்தில் அடுத்த கார். எட்டு வரை எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கணக்கு. கேம்ப்கிரவுண்டைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலைகூட இல்லை. அதற்குள் எந்த எண் சைட் என்பதில்தான் தூக்கம் இருக்கிறது. (உங்களுக்கென்று ஒதுக்கப்படும் அந்த ஒரு துண்டு இடம்தான் சைட். சைட்டுகளைச் சுற்றி வளைந்து வரும் உள்சாலையை லூப் என்பார்கள். படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டிதான் ஆர்.வி.) பெருநகரத்தை ஒட்டிய இடங்களில் இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். நெடுஞ்சாலை, ரயில், விமானம், வார இறுதிக் கூட்டம் என்று நகரம் நம் பின்னாலேயே வந்துவிடும்.

படி 1: தூரத்தை மணிக்கணக்கில் அளங்கள்

“நகரத்திலிருந்து 90 கிலோமீட்டர்தான்” என்பதற்கு வெள்ளிக்கிழமை சாயங்காலத்தில் ஒரு அர்த்தமும் இல்லை. வரைபடச் செயலியில் ‘இப்போது கிளம்பினால்’ என்பதைப் பார்க்காமல், வெள்ளி மாலை 5 மணிக்குக் கிளம்புவதாக நேரத்தை மாற்றிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை 70 நிமிடம் காட்டிய அதே சாலை இரண்டரை மணி நேரம் காட்டக்கூடும்.

பிறகு பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். சூரியன் 7:15க்கு மறைகிறது என்று வையுங்கள். புதியவர்களுக்கு டென்ட் கட்ட ஒரு மணி நேரம் ஆகும். நுழைவாயிலில் பதிவு, சைட்டைத் தேடுவது எல்லாம் சேர்த்து இன்னொரு அரை மணி. 5:45க்கு உள்ளே இருக்க வேண்டும். அதாவது 3:15க்கே கிளம்ப வேண்டும். முடியாதென்றால் இரண்டு வழி: இன்னும் பக்கத்தில் ஒரு இடம், அல்லது சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்புவது. நான் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்கிறேன். வெள்ளி இரவுக்கும் சேர்த்துப் பதிவு செய்திருந்தால், தாமதமாக வருவதை அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் வராதவர்களின் சைட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும் விதி பல இடங்களில் உண்டு.

குழந்தைகளுக்கு இதுதான் முதல் கேம்பிங் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் இருப்பதை எடுங்கள். நள்ளிரவில் காய்ச்சல் அடித்தாலோ மழை டென்டுக்குள் வந்தாலோ வீட்டுக்குத் திரும்பிவிடலாம். நகரத்துக்கு அருகில் இருப்பதன் பெரிய வசதியே அதுதான். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

படி 2: எந்த வகை கேம்ப்கிரவுண்ட்?

பொதுவாக மூன்று வகை. அரசுப் பூங்காக்களும் வனத்துறையும் நடத்துபவை: சைட்டுகள் விலகி விலகி இருக்கும், மரம் அதிகம், வசதி குறைவு. தனியார் நடத்துபவை: மின்சாரம், வெந்நீர்க் குளியல், துணி துவைக்கும் இயந்திரம், சில இடங்களில் நீச்சல்குளம், ஆனால் சைட்டுகள் தோளோடு தோள் உரசி நிற்கும். மூன்றாவது, கழிப்பறைகூட இல்லாத காட்டு இடங்கள். முதல் இரண்டு தடவைக்குள் மூன்றாவது வகைக்குப் போகாதீர்கள்.

இதில் ஒன்று உயர்ந்தது, ஒன்று மட்டம் என்று கிடையாது. சின்ன டென்டோடு போய் பெரிய ஆர்.வி.க்களுக்கு நடுவே சரளைக்கல்லில் படுத்தால் வண்டி நிறுத்துமிடத்தில் படுத்த உணர்வுதான் வரும். 35 அடி ஆர்.வி.யை ஓட்டிக்கொண்டு குறுகலான வனச்சாலையில் ஏறினால் திருப்ப இடமில்லாமல் ஒரு கிலோமீட்டர் பின்னால் வர வேண்டியிருக்கும். அதைப் பார்த்திருக்கிறேன். மனைவி பின்னால் நின்று கையைக் காட்ட, கணவர் கண்ணாடியைப் பார்க்க, இருவரும் பேசிக்கொள்ளாமல்.

படி 3: வானத்திலிருந்து பாருங்கள்

பதிவுக்கு முன் பத்து நிமிடம் செயற்கைக்கோள் வரைபடத்தில் செலவிடுங்கள். தேட வேண்டியவை நான்கு.

முதலாவது நெடுஞ்சாலை. பகலில் ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சாலை பெரும்பாலும் காதில் விழாது. வெயிலில் தரை சூடேறும்போது ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடுகிறது. இரவில் தரை குளிர்ந்து, அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று நின்றால் அதே ஒலி கீழ்நோக்கி வளைந்து நம்மிடம் வந்து சேரும். பகலில் போய்ப் பார்த்து “ரொம்ப அமைதியான இடம்” என்று எழுதியவரின் பேச்சை இதனால்தான் முழுதாக நம்பக் கூடாது. இடையில் ஒரு குன்று இருந்தால் பெரிய பாதுகாப்பு. ஒற்றை வரிசை மரங்கள் ஒலியைத் தடுக்காது.

இரண்டாவது ரயில் பாதை. பாதையைவிட லெவல் கிராசிங்கைக் கவனியுங்கள். பல நாடுகளில் ஓட்டுநர் அந்த இடத்தில் ஹாரன் அடிக்கக் கடமைப்பட்டவர், மணி இரண்டானாலும்.

மூன்றாவது விமான நிலையம். ஓடுபாதையின் கோட்டை இரண்டு பக்கமும் மனசுக்குள் நீட்டிப் பாருங்கள். தரையிறங்கும் விமானம் வழக்கமாக 3 டிகிரி சரிவில் வரும். ஓடுபாதையிலிருந்து 10 கிலோமீட்டரில் அது தலைக்கு மேலே சுமார் 500 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். கோட்டுக்குப் பக்கவாட்டில் விலகிவிட்டால் அதே 10 கிலோமீட்டர் தொந்தரவில்லாதது.

நான்காவது நிலத்தின் அமைப்பு. பள்ளத்தாக்கின் அடியில் இரவில் குளிர்காற்று இறங்கித் தேங்கும். கொஞ்சம் மேலே சரிவில் இருக்கும் சைட் அதைவிட வெதுவெதுப்பாக இருக்கும். வானிலைக் கணிப்பை நகரத்தின் பெயரில் பார்க்காதீர்கள். சிமென்டும் தாரும் நகரத்தைச் சூடாக வைத்திருக்கின்றன. மலைமேல் 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். வீட்டில் 18 டிகிரி என்றால் அங்கே 11.5. இரண்டு போர்வை கூடுதல்.

படி 4: சைட் வரைபடத்தைப் படிப்பது

இதைத்தான் பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகிறார்கள். பதிவுத் தளத்தில் சைட் எண்கள் போட்ட ஒரு வரைபடம் இருக்கும். அதைப் பெரிதாக்கிக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் கழிப்பறையைக் கண்டுபிடியுங்கள். அதை ஒட்டிய சைட்டை எடுக்காதீர்கள்: விடிய விடிய விளக்கு, கதவு அறையும் சத்தம், கைகாயவைக்கும் இயந்திரத்தின் இரைச்சல், காற்று திரும்பினால் வாசனையும். மூன்று நான்கு சைட் தள்ளி எடுங்கள். அடுத்து, கழிப்பறைக்கும் தூரத்துச் சைட்டுகளுக்கும் இடையே ஒரு நேர்கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் விழும் சைட்டுகளின் வழியாகத்தான் எல்லோரும் குறுக்கே நடப்பார்கள், காலை ஆறு மணிக்கு, பல்துலக்கும் பிரஷோடு.

பிறகு நுழைவாயில், குப்பைத்தொட்டி, தண்ணீர்க் குழாய், ஆர்.வி. கழிவை இறக்கும் இடம். நான்கிலிருந்தும் விலகி இருங்கள். லூப் வளையும் முனைகளில், உள்சாலை நேராக வந்து முட்டும் சைட்டுகளில் வண்டி வெளிச்சம் விழும். (என் அனுபவத்தை மேலே சொல்லிவிட்டேன்.) லூப்பின் வெளிப்பக்கச் சைட்டுகளுக்குப் பின்னால் காடு இருக்கும், உள்பக்கச் சைட்டுகளுக்கு முதுகுப் பக்கத்திலும் ஒரு குடும்பம். வெளிப்பக்கம் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

நிழலையும் பாருங்கள். கிழக்கே மரமோ குன்றோ இல்லாத டென்டில் கோடைக்காலத்தில் காலை ஏழு மணிக்கே வெந்துபோவீர்கள். மாலை நிழலைவிடக் காலை நிழலுக்கு மதிப்பு அதிகம். நீரோரச் சைட் படத்துக்கு நன்றாக இருக்கும். கொசுவும் ஈரமும் அங்கேதான்.

படி 5: டென்டோடு போகிறவர்களுக்கு

டென்ட் பெட்டியில் ‘4 பேர்’ என்று போட்டிருந்தால் அது நாலு பேரை ஒட்டி ஒட்டிப் படுக்கவைத்த கணக்கு. பையை வைக்க இடம் இருக்காது. ஆள் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி வாங்குவது வழக்கம். ஆனால் டென்ட் பெரிதானால் சைட்டும் பெரிதாக வேண்டும். 3 மீட்டருக்கு 3 மீட்டர் டென்டுக்கு, இழுத்துக் கட்டும் கயிறுகளுக்காக ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டர் சேர்த்து 5 மீட்டருக்கு 5 மீட்டர் சமதரை தேவை. சைட் விவரத்தில் டென்ட் மேடையின் அளவு போட்டிருக்கும்; ஒப்பிட்டுப் பாருங்கள்.

தரை எதுவென்றும் பாருங்கள். மண் என்றால் எந்த முளையும் இறங்கும். கெட்டித்த சரளை என்றால் டென்டோடு வரும் மெல்லிய அலுமினிய முளை வளைந்துவிடும். உருக்கு முளையும் சுத்தியலும் வேண்டும். மரப்பலகை மேடை என்றால் முளையே அடிக்க முடியாது. முளையில்லாமல் தானாக நிற்கும் டென்ட் மட்டும்தான் அங்கே சரிப்படும்.

எனக்குப் பிடித்தது, காரை ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு 100, 200 மீட்டர் நடந்து போகும் சைட்டுகள். சாமானைத் தூக்க வேண்டும் என்பதால் ஆர்.வி.யும் வராது, பாட்டுப்பெட்டிக் கூட்டமும் வராது. நகரத்துக்குப் பக்கத்தில் அமைதி கிடைக்கக்கூடிய மலிவான வழி இது.

தலைக்கு மேலே காய்ந்த கிளை தொங்கும் சைட் வேண்டாம். வறண்ட ஓடையின் படுகை எவ்வளவு சமமாக இருந்தாலும் வேண்டாம். உங்கள் தலைக்கு மேல் மழையே இல்லாமல், மேலே மலையில் பெய்த மழை வெள்ளமாக இறங்கி வரும்.

படி 6: குழந்தைகளோடு போகிறவர்களுக்கு

கழிப்பறைத் தூரத்தை உங்கள் காலால் அளக்காதீர்கள், நாலு வயதுக் குழந்தையின் அவசரத்தால் அளங்கள். 50 முதல் 80 மீட்டர் சரியாக இருக்கும்.

தண்ணீருக்குப் பக்கத்துச் சைட் இங்கே வேறு விதமான பிரச்சினை. சின்னக் குழந்தை இருந்தால் அது விடுமுறையில்லை, காவல் வேலை. நீங்கள் டென்ட் கட்டும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் குழந்தை காணாமல் போகும். ஏரி வேண்டும், ஆனால் ஏரிக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு லூப் இருக்கட்டும்.

முட்டுச்சந்தாக முடியும் சின்ன லூப் குழந்தைகளுக்கு உகந்தது. வேறு எங்கும் போகாத சாலையில் வண்டி குறைவு, சைக்கிள் விடலாம். விளையாட்டுத் திடல் எட்டிப் பார்த்தால் தெரிகிற தூரத்தில் இருந்தால் நல்லது, ஒட்டி இருந்தால் ஊரார் பிள்ளைகளின் சத்தமும் உங்களுக்கே.

இரண்டு குடும்பம் சேர்ந்து போனால் ஒரே சைட்டில் அடைந்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு சைட்டுக்கு 6 அல்லது 8 பேர், இரண்டு வண்டி என்பது போன்ற உச்சவரம்பு இருக்கும். அடுத்தடுத்த எண்கள் இரண்டை எடுங்கள். எண் அடுத்தடுத்து இருந்தாலும் நடுவே சாலை ஓடுகிறதா என்று வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போனால் தரைப் படுக்கை அவர்களுக்கு ஆகாது. பல கேம்ப்கிரவுண்டுகளில் கட்டிலோடு சின்ன மரக்குடில்கள் உண்டு. அவர்களுக்குக் குடில், நமக்குப் பக்கத்தில் டென்ட்.

படி 7: ஆர்.வி.க்காரர்களுக்கு

இங்கே அழகைப் பார்ப்பதற்கு முன்னால் அளவைப் பார்க்க வேண்டும். நீளத்தில் ஆரம்பிப்போம். 25 அடி டிரெய்லர், அதை இழுக்கும் 20 அடி வண்டி: மொத்தம் 45 அடி. சைட்டுக்கு 40 அடி என்று போட்டிருந்தால் இழுவை வண்டியை வேறெங்காவது நிறுத்த வேண்டியிருக்கும். பக்கச்சுவர் வெளியே நீளும் வண்டி என்றால் அகலத்தையும், மேலே தாழ்ந்த கிளை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரு இரவுக்கு மட்டும் தங்குகிறீர்கள் என்றால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் நேர்வழிச் சைட் எடுங்கள். பின்னால் எடுத்துச் செருகும் சைட்டில் மரமும் தனிமையும் அதிகம், ஆனால் புதியவர் அதை முதல் தடவை இருட்டில் செய்யக் கூடாது.

நகரத்தைக் கடக்கும்போது உயரம். ஆர்.வி. 11 முதல் 13 அடி உயரம் இருக்கும். சாதாரண வழிகாட்டிச் செயலிக்கு அது தெரியாது. தாழ்ந்த பாலத்தடியில் கொண்டுபோய் விடும். சமையல் வாயு சிலிண்டரோடு போகத் தடை உள்ள சுரங்கப்பாதைகளும் உண்டு. உயரத்தை ஒரு சீட்டில் எழுதி ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

அடுத்து மின்சாரம். வட அமெரிக்காவில் சைட் கம்பத்தில் 30 ஆம்பியர் அல்லது 50 ஆம்பியர் இணைப்பு இருக்கும். 30 ஆம்பியர் என்றால் 120 வோல்ட்டில் 3,600 வாட். ஏசி சுமார் 1,500, மைக்ரோவேவ் 1,500, கெட்டில் 1,500: மூன்றும் ஒன்றாக ஓடினால் 4,500, சுவிட்ச் விழுந்துவிடும். 50 ஆம்பியர் இணைப்பில் இரண்டு கம்பி வருவதால் 12,000 வாட் வரை கிடைக்கும். இரண்டு ஏசி உள்ள வண்டிக்குத்தான் அது அவசியம். ஐரோப்பாவில் 230 வோல்ட், நீல நிற மூன்று முள் பிளக். ஆனால் கொடுப்பது 6, 10, 16 ஆம்பியர் என்று மாறும். 6 ஆம்பியர் சைட் வெறும் 1,380 வாட். 2,000 வாட் கெட்டிலைப் போட்டால் அத்தோடு சரி. ‘மின்வசதி உண்டு’ என்பதோடு நிற்காமல் எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள்.

கழிவுநீர் இணைப்பும் உள்ள சைட்டுக்கு நிறையப் பணம் கொடுக்கிறார்கள். இரண்டு இரவுக்கு அது தேவையா? கணக்குப் பாருங்கள். வண்டிக்கு அடியில் கழிப்பறைத் தொட்டி நிறைவதற்கு முன்னால், குளித்த தண்ணீர் சேரும் தொட்டிதான் நிறையும். நிமிடத்துக்கு 6 லிட்டர் ஷவரில் 5 நிமிடம் குளித்தால் 30 லிட்டர். நாலு பேருக்கு 120 லிட்டர். பல டிரெய்லர்களின் தொட்டியே 100 முதல் 150 லிட்டர்தான். ஆகவே ஒரே நாளில் நிறையும். கேம்ப்கிரவுண்டின் பொதுக் குளியலறையைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் போய்விடும். கிளம்பும்போது கழிவை இறக்கும் இடத்தில் காலி செய்துகொள்ளலாம். மின்சாரமும் தண்ணீரும் உள்ள சைட் போதும்.

மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் என்று முழு இணைப்பும் எடுத்தவர்களுக்கு ஒரு சொல்: கழிப்பறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைக்காதீர்கள். நீர் ஓடிப்போய் மற்றது குவியலாகத் தங்கிவிடும். முக்கால் பங்கு நிறைந்த பிறகு ஒரே தடவையில் திறந்துவிடுங்கள். விவரிக்க விரும்பாத ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கும் உண்டு. குழாய்த் தண்ணீரின் அழுத்தம் சில இடங்களில் அதிகம். வண்டியின் குழாய்களைக் காப்பாற்ற அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள்.

சைட் சாய்வாக இருந்தால் படுக்கை மட்டும் பிரச்சினையில்லை. வாயுவில் ஓடும் பழைய பாணி உறிஞ்சுவகைக் குளிர்பெட்டி, உள்ளே திரவம் புவியீர்ப்பில் வழிந்தோடுவதை நம்பியே வேலை செய்கிறது. வண்டி சாய்ந்து நின்றால் குளிராது, நாளடைவில் கெட்டும் போகும்.

படி 8: விதிகளில் மூன்றைப் படித்தால் போதும்

அமைதி நேரம், ஜெனரேட்டர் நேரம், நெருப்பு. ஜெனரேட்டர் தடை செய்யப்பட்ட லூப் இருந்தால் டென்ட்காரர்கள் அதையே கேட்டு வாங்குங்கள். சத்தத்தைவிடப் புகை மோசம். நெருப்புக்கு அந்தப் பருவத்தில் தடை இருக்கிறதா என்று கிளம்பும் அன்று காலையிலும் ஒரு தடவை பாருங்கள். விறகை வீட்டிலிருந்து கொண்டு போகாதீர்கள். 2002இல் டெட்ராய்ட் பக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்ட மரகதப் பச்சை வண்டு, மனிதர்கள் ஏற்றிச் சென்ற விறகில் ஒளிந்தே தூரதூரப் பகுதிகளுக்குப் பரவி, கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றது.

எந்தக் குளிரானாலும் கரி அடுப்பையோ அணையும் தணலையோ டென்டுக்குள் கொண்டு வராதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

உணவைப் பூட்டி வைக்கும் பெட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். நகரத்தை ஒட்டிய இடங்களின் விலங்குகள் மனிதரிடம் கூச்சம் விட்டவை. ஜிப் திறக்கத் தெரிந்தவை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: கருத்துகளைப் படிப்பதும் பதிவு செய்வதும்

ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் தள்ளிவிட்டு மூன்று நட்சத்திரக் கருத்துகளைப் படியுங்கள். அதிலும் நீங்கள் போகும் மாதத்தில் எழுதியதை. அக்டோபரில் போனவருக்குக் கொசுவைப் பற்றி ஒன்றும் தெரியாது. “பொழுதே போகவில்லை, இரவில் சத்தமே இல்லை” என்று யாராவது குறைபட்டிருந்தால் உடனே பதிவு செய்யுங்கள்.

நகரத்துக்குப் பக்கத்து நல்ல சைட்டுகள் பதிவு திறந்த சில நிமிடங்களில் போய்விடும். அமெரிக்கக் கூட்டரசுப் பூங்காக்கள் பலவற்றில் ஆறு மாதத்துக்கு முன்பே திறக்கும். எந்தத் தேதியில், எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று பார்த்து, மனதில் ஐந்து சைட் எண்களை வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு உட்காருங்கள். தவறவிட்டால் ரத்தாகும் இடங்களுக்குக் காத்திருங்கள். அபராதமில்லாமல் ரத்து செய்யக் கடைசி நாள் எது என்று விதியில் இருக்கும். அதற்கு முந்தின நாளும் அன்றும்தான் நிறையப் பேர் கைவிடுவார்கள். லீவு கிடைத்தால் ஞாயிறு முதல் வியாழன் வரை போங்கள். அதே சைட், பாதிக் கூட்டம்.

படி 10: போய்ச் சேர்ந்த பிறகு

சாமானை இறக்குவதற்கு முன் சைட்டை ஒரு சுற்று நடந்து பாருங்கள். தலைக்கு மேலே கிளை, காலடியில் எறும்புப் புற்று, மழைத் தண்ணீர் ஓடிய தடம். டென்ட் கட்டப்போகும் இடத்தில் இரண்டு நிமிடம் மல்லாந்து படுங்கள். முதுகு சொல்லிவிடும், எந்தப் பக்கம் சரிவென்று. தலை மேட்டுப்பக்கம் இருக்கட்டும். பிடிக்காவிட்டால் அப்போதே அலுவலகத்துக்குப் போய் வேறு சைட் காலியா என்று கேளுங்கள். எல்லாவற்றையும் விரித்துவிட்ட பிறகு நமக்கும் மனசு வராது, அவர்களிடமும் இடம் இருக்காது.

ஞாயிறு காலை, கிளம்புவதற்கு முன், ஒரு காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு லூப் முழுக்க நடந்து வாருங்கள். எந்த எண்ணுக்குக் காலை நிழல், எது வளைவில் இருக்கிறது, எதற்குப் பின்னால் காடு என்று குறித்துக்கொள்ளுங்கள். என் குறிப்பேட்டில் அந்த ஏரிக்கரை கேம்ப்கிரவுண்டுக்கு நேரே இப்போது நான்கு எண்கள் இருக்கின்றன. வளைவுச் சைட்டின் எண்ணை மகள்தான் அடித்துவிட்டாள்.